பொது என்னும் ஒரு சொல்

ஒரு பொருளைக் குறிக்கப் பல சொற்கள் வருதலும், ஒரு சொல்லே பல பொருள்களைக் குறித்து நிற்றலும் எல்லா மொழிகட்கும் இயல்பு. இதனை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். தொல்காப்பியனார் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காகப் பகுத்தார்; அவற்றுள் திரிசொல்லை மேற்கூறிய இருவகையாகவே விளக்கினார். மண்டல புருடர் இயற்றிய சூடாமணி நிகண்டில், பல பொருள் தரும் ஒரு சொற்களைத் தொகுத்துரைப்பதற்கென்றே ஒரு தொகுதி உளது. அகராதிகள் பெருகாத அக்காலத்தில் இளஞ்சிறார் நிகண்டினை மனப்பாடம் செய்தே சொல்வளம் பெற்றனர்.

மாணாக்கர்களே! நிகண்டு நூலார் தமிழ்ச் சொற்களை ஆராய்ந்த முறையிலேயே, நாம் நாள்தோறும் கேட்கும் ஆங்கிலச் சொல் ஒன்றனையும் ஆராய்ந்து பார்க்கலாம். 'காமன்' என்பது அச்சொல். தமிழில் எழுதுங்கால் இஃது மன்மதனுக்குரிய பெயராகவும் தோன்றும். கரும்பு வில் ஏந்திய காமன் வேறு. நாம் இங்கு எடுத்துக்கொண்ட காமன் வேறு. எழுத்து ஒன்றாயினும் இடம் நோக்கிப் பொருள் கொள்ளுதல் கற்றோர் கடன் அன்றோ?

ஆங்கிலத்தில் இச்சொல் நான்கு வகைப் பொருள்களில் வழங்குகிறது. முதலாவது, பலர்க்கு ஒருங்கே உரியது என்பது. இரண்டு வீடுகளுக்கு நடுவே ஒரே சுவர் நிற்குமாயின் அதனைக் 'காமன் வால்' என்பர். நாம் பொதுச் சுவர் என்போம். இரண்டாவது, எங்கும் பரவலாகக் காணப்படுவது என்பது. நம் வீட்டு முற்றத்தில் வந்து இரை தேடும் மைனாவைப் பறவை நூலார் 'காமன் மைனா' என்று குறிப்பர். பலர் பங்கிட்டுக்கொண்ட மைனா என்பது அதன் பொருளன்று. எங்கும் காணப்படும் மைனா என்பதே பொருள். மூன்றாவது, தனிச் சிறப்பு ஏதுமில்லாத எளிமை. 'காமன் மேன்' என்பான் பட்டமும் பதவியும் இல்லாத சாமானியன். நான்காவது, நயமற்றது, தாழ்ந்தது என்னும் பொருள். ஒருவருடைய நடையுடை பாவனை இழிவாகத் தோன்றின் அதனையும் இச்சொல்லாலேயே ஆங்கிலேயர் சுட்டுவதுண்டு.

பலரும் இச்சொல்லைக் கண்ட இடமெல்லாம் 'பொது' என்று மொழிபெயர்த்து விடுகின்றனர். அதனால் விளையும் இடர்ப்பாட்டை நோக்குங்கள். 'காமன் சென்ஸ்' என்பதனைப் பொது அறிவு என்று கூறினால், தேர்வில் கேட்கப்படும் தலைநகரங்களின் பெயர்களும் ஆறுகளின் நீளமுமே நம் நினைவுக்கு வரும். மேகம் கறுத்து வருங்கால், களத்தில் உலர்த்திய நெல்லை அள்ளி உள்ளே சேர்க்கத் தெரிந்த மூதாட்டிக்கு அவையெல்லாம் தெரியாமல் இருக்கலாம். ஆயினும் ஆங்கிலேயர் கூறும் அந்த 'சென்ஸ்' அவரிடத்தே நிரம்ப உண்டு. அதனை இயல்பறிவு என்பதே பொருந்தும். அவ்வாறே, 'காமன் கோல்ட்' என்னும் நோயைப் பொதுச் சளி என மொழிபெயர்த்தால் கேட்போர் நகைப்பர். சாதாரணச் சளி என்பதே வழக்கு. கணக்குப் பாடத்தில் 12, 18 என்னும் எண்களின் மீப்பெரு பொதுக் காரணி 6 என்று கற்கிறீர்கள். அங்கே 'காமன்' என்பதற்குப் பொது என்னும் சொல் இம்மியும் பிறழாமல் பொருந்துகிறது. ஏனெனில் 6 என்பது அவ்விரண்டு எண்களையும் மீதியின்றி வகுக்கும் எண்ணாகும். ஆகவே, ஒரு சொல்லை மொழிபெயர்க்குமுன் அஃது அவ்விடத்தில் எப்பொருள் குறித்து நின்றது என்று ஆராய்தல் வேண்டும்.

இனி, இவ்வாங்கிலச் சொல்லுக்கு நெருங்கிய உறவுடைய சொல் ஒன்று நம் புதுச்சேரி மாநிலத்து ஊர்ப்புறங்களில் வழங்குகிறது. வில்லியனூரிலோ பாகூரிலோ பிறப்புச் சான்று பெறச் செல்லும் ஒருவரை, "எங்கே போகிறீர்?" என்று வினவினால், "கொம்யூனுக்கு" என்று விடை வரும். இச்சொல் பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. ஆங்கிலத்துக் 'காமன்' என்பதும் பண்டைப் பிரெஞ்சு மொழி வழியாகச் சென்றதே. சொல்தா, நொத்தேர், மேர் முதலிய பிரெஞ்சுச் சொற்களோடு கொம்யூன் என்னும் சொல்லும் இம்மண்ணில் நிலைத்துவிட்டது. சொல்தா என்பது படைவீரனையும், நொத்தேர் என்பது பத்திரம் எழுதிச் சான்றளிக்கும் அலுவலரையும், மேர் என்பது நகரத் தலைவரையும் குறிக்கும்.

'காமன்', 'கொம்யூன்' என்னும் இரண்டிற்கும் தாய், இலத்தீன் மொழியில் உள்ள 'கொம்மூனிஸ்' என்னும் சொல். அதன் முற்பகுதிக்கு 'உடன்' அல்லது 'கூட' என்று பொருள். பிற்பகுதி 'மூனுஸ்' என்னும் சொல்லோடு தொடர்புடையது. அதற்குக் கடமை, பொறுப்பு, ஒருவர் ஆற்றவேண்டிய பணி என்பன பொருள்கள். எனவே, கடமையை உடன் ஏற்போர் என்பதே 'கொம்மூனிஸ்' என்பதன் வேர்ப்பொருள். பொதுவானது என்றால் யாவரும் எடுத்துக்கொள்ளத்தக்கது என்று நாம் எண்ணுகிறோம். யாவரும் சுமக்கவேண்டிய பொறுப்பு என்பதே அச்சொல்லின் கருவில் கிடக்கும் பொருள். இக்கருத்தினை நீங்கள் நன்கு நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

இவ்வேரினின்று கிளைத்த வேறு சில சொற்களையும் காண்போம். 'முனிசிபாலிட்டி' என்பது நகராட்சி. கடமையை மேற்கொள்ளுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து அது பிறந்தது. 2020-ஆம் ஆண்டு பெருந்தொற்றுப் பரவியபோது 'இம்யூனிட்டி' என்னும் சொல் பட்டிதொட்டியெங்கும் பரவிற்று. நோய் எதிர்ப்பாற்றல் என்று அதனை நாம் அறிவோம். பழங்காலத்து உரோமரிடையே அச்சொல்லின் முன்னோடி, வரியினின்றும் ஊர்ப்பணிகளினின்றும் விலக்குப் பெற்றவரைக் குறித்தது. நோயினின்று விலக்குப் பெறுதல் என்பது பிற்காலத்தே ஏறிய பொருள். ஆகவே, கடமையைப் பகிர்ந்துகொள்வது 'காமன்'. கடமையினின்று விடுபடுவது 'இம்யூன்'. ஒரே வேரில் முளைத்த இவ்விரு சொற்களும் எதிரெதிர்த் திசையில் நிற்றல் வியப்பன்றோ?

இத்தகைய சொற்கள் தமிழிலும் உள்ளன. இன்று நாம் கடமை என்று கூறுவது, செய்யத்தக்க செயலை மட்டுமே குறிக்கின்றது. சோழர் காலத்துக் கல்வெட்டுகளிலோ கடமை என்பது நிலத்துக்குரிய வரியின் பெயர்களுள் ஒன்றாக வழங்கியது. குடிமை என்பதும் குடிகள் செலுத்தவேண்டிய வரியையும் செய்யவேண்டிய பணியையும் குறித்தது. வரி நீக்கப்பெற்ற நிலத்தை 'இறையிலி' என்றனர். இறை இல்லாதது இறையிலி. உரோமர் 'இம்யூனிஸ்' என்று கூறிய கருத்தையே நம்மவர் இறையிலி என்னும் சொல்லில் அமைத்துவைத்தனர். கடலால் பிரிக்கப்பட்ட இரு நாட்டு மக்கள், ஊரோடு கூடி வாழும் வாழ்வில் ஒரே வகையான சிந்தனையை அடைந்தனர் என்பதனை இச்சொற்கள் நமக்கு அறிவிக்கின்றன.

பொது என்பதனோடு உறவுடைய தமிழ்ச் சொற்கள் பல. பலரும் கூடுவதற்குரிய இடம் மன்று எனவும், மன்றம் எனவும், அம்பலம் எனவும், பொதியில் எனவும் பெயர் பெறும். பொது, இல் என்னும் இரு சொற்கள் சேர்ந்தே பொதியில் என்றாயிற்று. கூடியிருக்கும் மக்களை நோக்கியவிடத்து அவை என்போம். ஊர்க்கால்நடைகள் ஒருங்கே கூடும் வெளி மந்தை. வழிப்போக்கரும் ஊராரும் தங்கும் கட்டடம் சாவடி. இவை யாவும் ஒன்றற்கொன்று நெருங்கியவையாயினும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று முழுவதும் பொருந்தாது. அவையில் அடக்கம் வேண்டும் என்று கூறலாம். மந்தையில் அடக்கம் வேண்டும் என்று கூறுதல் வழக்கன்று.

இவற்றுள் கொம்யூன் என்பதற்கு மிக நெருங்கிய சொல் யாது? ஊர் என்னும் எளிய சொல்லே அது. "எங்கள் ஊர் சிறியது" என்னும்போது ஊர் என்பது நிலத்தைக் குறிக்கின்றது. "ஊர் சிரிக்கும்" என்னும்போது அங்கு வாழும் மக்களைக் குறிக்கின்றது. "ஊர் கூடி முடிவு செய்தது" என்னும்போது அம்மக்களின் மன்றத்தைக் குறிக்கின்றது. பிரெஞ்சு மொழியின் கொம்யூன் என்பதும் இவ்வாறே நிலத்தையும், அந்நிலத்து மக்களையும், அவர்தம் ஆட்சியமைப்பையும் ஒருங்கே குறிப்பது. சோழர் காலத்தில் வேளாண் குடிகள் வாழ்ந்த ஊர்களின் மன்றத்திற்கு 'ஊர்' என்பதே பெயராயிருந்தது. பிரமதேயங்களின் மன்றம் 'சபை' எனவும், வணிகர் வாழ்ந்த பதிகளின் மன்றம் 'நகரம்' எனவும், பல ஊர்களை உள்ளடக்கிய மன்றம் 'நாடு' எனவும் வழங்கின.

அத்தகைய சபையொன்று நம் பாகூரிலும் இருந்தது. பண்டை நாளில் வாகூர் எனப்பட்ட இவ்வூரின் பெருமையை, பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடுகள் காட்டுகின்றன. வாகூரில் இருந்த வித்தியாத்தானம் என்னும் கல்வி நிலையத்தை நடத்துதற்பொருட்டு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பெற்றன என்பது ஒன்பதாம் நூற்றாண்டினவாகிய அச்செப்பேடுகள் தரும் செய்தி. பாகூர் மூலநாதர் கோயிற் கல்வெட்டுகளில் ஊர்ச் சபையாரின் செயல்களும் ஏரி பற்றிய செய்திகளும் காணப்படுகின்றன. காஞ்சிபுரத்துக்குத் தெற்கே உள்ள உத்தரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகள், வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலை வாயிலாகத் தேர்ந்தெடுத்த முறையை விரிவாக உரைக்கின்றன. அங்கே ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் முதலியன அமைந்திருந்தன. ஏரி யாவர்க்கும் பொது. ஆகலின், அதனைக் காக்கும் பொறுப்பு இன்னார்க்கு, இத்தனை காலத்திற்கு என்று வரையறுக்கப்பட்டது.

பிரெஞ்சு நாட்டிலோ, 1789-ஆம் ஆண்டில் தோன்றிய புரட்சியை அடுத்து, நாடு முழுவதும் கொம்யூன்களாகப் பகுக்கப்பட்டது. இன்றும் அந்நாட்டில் 35,000 அளவில் கொம்யூன்கள் உள்ளன. பாரிசு மாநகரமும் ஒரு கொம்யூன். சில நூறு மக்கள் வாழும் சிற்றூரும் ஒரு கொம்யூன். பேரூர், சிற்றூர் என்னும் வேறுபாட்டைப் பெயரில் காட்டாமை இவ்வமைப்பின் சிறப்பு. 1880-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 12-ஆம் நாள் பிறந்த ஆணையால் இவ்வமைப்பு இந்தியாவில் இருந்த பிரெஞ்சுப் பகுதிகளுக்கும் வந்தது. அப்போது வில்லியனூரும் பாகூரும் கொம்யூன்கள் ஆயின. பிரெஞ்சு ஆட்சியில் ஏரிகளைப் பேணுதற்கெனக் 'கேஸ் கொம்யூன்' என்னும் பொதுநிதி அமைப்புகளும் இருந்தன. கேஸ் என்பது பணப்பெட்டி. பலரும் பொருள் இட்டு, பலருக்கும் பயன்படுமாறு செலவிடும் பெட்டி கேஸ் கொம்யூன்.

கொம்யூன் என்பது வெறும் அலுவலகப் பெயரன்று என்பதனை வரலாறு ஒருமுறை நன்கு மெய்ப்பித்தது. பிரெஞ்சு ஆட்சியினின்று விடுபட்டு இந்தியாவோடு இணைவதா என்னும் கேள்வி எழுந்தபோது, வில்லியனூரை அடுத்த கீழூர் என்னும் சிற்றூரில், 1954-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 18-ஆம் நாள் வாக்கெடுப்பு நடைபெற்றது. வாக்களிக்கும் உரிமை பெற்றோர், மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்ற உறுப்பினர்களும் சட்டமன்றப் பிரதிநிதிகளும் ஆகிய 178 பேர். அவர்களுள் 170 பேர் இணைப்பை ஆதரித்தனர். 8 பேர் எதிர்த்தனர். அதே ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாள் ஆட்சி இந்திய அரசின் கைக்கு மாறிற்று. 1962-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 16-ஆம் நாள் அம்மாற்றம் சட்டப்படி நிறைவெய்தியது. தெருவிளக்கும் சந்தையும் பேணுதற்கென அமைந்த மன்றங்களின் உறுப்பினர்களே ஒரு நிலப்பகுதியின் எதிர்காலத்தை முடிவு செய்தனர் என்றால், அச்சொல்லுக்கு அந்நாளில் இருந்த வலிமையை உய்த்துணர்க.

1973-ஆம் ஆண்டின் சட்டம், ஊர்தோறும் கிராமப் பஞ்சாயத்தையும், அவற்றிற்கு மேல் கொம்யூன் பஞ்சாயத்தையும் அமைத்தது. பிரெஞ்சுச் சொல்லும் பஞ்சாயத்து என்னும் இந்தியச் சொல்லும் கைகோத்து நிற்கும் இத்தொடர், புதுச்சேரிக்கே உரிய தனிச்சிறப்பு. வில்லியனூர், பாகூர், அரியாங்குப்பம், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு என்பன புதுச்சேரி வட்டாரத்தில் அச்சட்டத்தின்கீழ் அமைந்த ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகள்.

ஆயினும், அமைப்பு இருந்தும் உயிர்ப்புக் குறைந்த காலம் ஒன்று வந்தது. 1968-ஆம் ஆண்டிற்குப் பின்னர் இங்கு உள்ளாட்சித் தேர்தல் நடைபெற்றது 2006-ஆம் ஆண்டிலேதான். இடையே கழிந்தவை 38 ஆண்டுகள். அந்நெடுங்காலத்தின் பெரும்பகுதியில் அலுவலர்களே கொம்யூன்களை நடத்தினர். 2006-ஆம் ஆண்டில் தேர்ந்தெடுக்கப்பட்டோரின் ஐந்தாண்டுக் காலமும் 2011-ஆம் ஆண்டில் முடிவுற்றது. மக்கள் மன்றம் கூடாத ஊரில் மன்றத்தின் பெயர் மட்டும் கட்டடத்தின்மேல் எஞ்சி நிற்கும். இந்நிலையில் சொல்லின் பொருளும் சுருங்கத்தானே செய்யும்? கொம்யூன் வரி, கொம்யூன் ஆபீசு, கொம்யூன் குப்பை வண்டி என்றெல்லாம் மக்கள் பேசுகின்றனர். "கொம்யூன்காரர் வந்து அள்ளவில்லை" என்று குறைகூறுவோரும் உளர். இவ்வழக்குகளிலெல்லாம் கொம்யூன் என்பது பேசுபவரை விலக்கிய வேறொருவராக நிற்கின்றது. கடமையை உடன் ஏற்போர் என்று தொடங்கிய சொல், நமக்காகக் கடமை செய்யவேண்டிய பிறர் என்னும் பொருளுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

பொது என்னும் தமிழ்ச் சொல்லுக்கும் இத்தகைய தாழ்வு நேர்ந்துள்ளது. நிலவரிக் கணக்கில் வரி விதிப்புக்குப் புறம்பாக விடப்பட்ட நிலம் புறம்போக்கு. ஏரி, குளம், வாய்க்கால், சுடுகாடு, மேய்ச்சல் நிலம் ஆகிய ஊரின் உயிர்நிலைகள் பலவும் அவ்வகையில் அடங்கும். அத்தகைய உயர்ந்த செல்வத்தின் பெயரை ஒருவரை இகழ்தற்குரிய வசைச்சொல்லாக இன்று ஆக்கிவிட்டோம். "அது புறம்போக்குத்தானே" என்று கூறி வாய்க்கால் கரையை ஒருவர் வெட்டிச் சேர்த்துக்கொள்வதும், அதனைக் கண்டும் மற்றவர் வாளா இருப்பதும் உண்டு. பொது என்றால் ஒருவர்க்கும் உரியதன்று என்னும் தவறான எண்ணமே இவ்விரண்டிற்கும் காரணம். ஏரியின் கரை உடையுமாயின், வயலில் நீர் புகுவது கரையை வெட்டியவர்க்கு மட்டுமன்று; வாளா இருந்தவர்க்கும்தான்.

தென்பெண்ணையாற்றின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்கு நீர் வருகின்றது. அவ்வாய்க்காலில் எங்கேனும் ஓரிடத்தில் மண்மேடு தங்கினால், கடைமடையில் உள்ள உழவன் வானை நோக்கி நிற்க நேரிடும். வில்லியனூரை அடுத்த ஊசுட்டேரியோ புதுச்சேரி நிலத்திலும் தமிழ்நாட்டு நிலத்திலுமாகப் பரந்து கிடக்கின்றது. ஆட்சியெல்லை ஏரியின் நடுவே செல்லினும் நீருக்கு அவ்வெல்லை தெரியாது. முற்காலத்தில் ஊரார் தாமே கூடி மண்ணெடுத்துக் கரையிட்டு நீர்நிலைகளைப் பேணினர். அதற்குக் குடிமராமத்து என்று பெயர். தமிழ்நாட்டு அரசு 2017-ஆம் ஆண்டில் அப்பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கிற்று. குடி என்பதும் மராமத்து என்பதும் சேர்ந்த இத்தொடர், 'கொம்மூனிஸ்' என்னும் சொல்லுக்குத் தக்கதொரு தமிழ் விளக்கமாக அமைந்திருத்தல் காண்க.

வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோயில் தேர்த்திருவிழாவை உங்களுள் பலர் கண்டிருப்பீர்கள். வைகாசித் திங்களில் நிகழும் அவ்விழாவில் ஆளுநரும் வந்து வடம் பிடித்தல் பிரெஞ்சு ஆட்சிக் காலந்தொட்டு வரும் மரபு. வடம் ஒன்று, பிடிக்கும் கைகள் பல. ஆளுநர் பிடித்தாலும் உழவர் பிடித்தாலும் வடத்திற்கு வேறுபாடில்லை. எல்லோரும் பிடித்துவிட்டு ஒருவரும் இழுக்கவில்லையாயின் தேர் நிலையை விட்டு அசையாது. ஊர் கூடித் தேர் இழுத்தல் என்னும் வழக்கில், பொது என்பதன் பொருள் முழுவதும் அடங்கியிருக்கின்றது.

மாணாக்கர்களே! நீங்கள் அகராதியைத் திறந்து ஒரு சொல்லுக்குப் பொருள் காணுங்கால், முதலில் உள்ள பொருளோடு நின்றுவிடாதீர்கள். அச்சொல் எங்குப் பிறந்தது, எவ்வழி வந்தது, இன்று மக்கள் நாவில் எவ்வாறு வழங்குகின்றது என்னும் மூன்றனையும் வினவுங்கள். சொல்லின் பொருளை ஆக்குவோர் அகராதி எழுதுவோர் அல்லர். அதனை வழங்கும் மக்களே ஆக்குவோர். கொம்யூன் என்பது ஒரு கட்டடமாகச் சுருங்குவதும், மீண்டும் ஓர் ஊராக விரிவதும் நம் வழக்கைப் பொறுத்தன. இன்னும் சில ஆண்டுகளில் நீங்கள் வாக்குரிமை பெறுவீர்கள். அதற்கு முன்னரே செய்யத்தக்கதும் ஒன்று உண்டு. நும் தெருக்கோடியில் உள்ள குளத்தை யாருடையது என்று யாரேனும் வினவினால், "பொதுக்குளம்" என்று கூறி நிறுத்தாமல், "எங்களுடையது" என்று விடை கூறுங்கள். கூறியபின், அதன் கரையில் கிடக்கும் குப்பையையும் நோக்குங்கள்.